இரட்டை டிராகன் இருந்த பெட்டி

என் மேசையில் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கருப்பு அரக்கு பூசிய மரம், பித்தளைக் கொக்கி. திறந்தால் உள்ளே ஒன்றும் கிடையாது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்து இப்போது வற்றல் மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்ட வெல்வெட் துணி மட்டும்தான். அந்தத் துணியின் நடுவில் எட்டு முனையுள்ள ஒரு நட்சத்திரத்தின் பள்ளம் பதிந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கதிரும் தனித்தனியாகத் தெரியும். விரலால் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். பல தலைமுறைகளாக ஒரே இடத்தில் கிடந்த பொருள் அது. அதை அங்கிருந்து எடுத்தவள் நான். இந்தப் பெட்டியும் இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்னிடம் இருக்கும். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

பெட்டி என் அத்தானுடையது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா வீட்டிலேயே தங்கி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அத்தான் சரக்குக் கப்பலில் பிட்டர். குழாய் ஒழுகினாலும் இரும்பு உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் கடற்கரையில் கப்பலுக்குப் போனவர்கள் ஊர் திரும்பினால் கம்பளி, செண்டு, தலைவலித் தைலம், டேப் ரெக்கார்டர் என்று கொண்டுவருவார்கள். அத்தானும் முதல் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் வந்தார். பிறகு ஒரு முறை ஏதோ ஒரு சீனத் துறைமுகத்துப் பழைய சாமான் கடையிலிருந்து, சட்டைப் பொத்தான் என்று நினைத்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துப் பார்த்திருக்கிறார். கடைக்காரக் கிழவர் பாதி ஆங்கிலத்திலும் பாதி கைச்சாடையிலுமாக விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அது பொத்தான் இல்லை, சீன ராஜா தன் படைவீரனுக்குக் கொடுத்த பதக்கம். ராஜாவும் இல்லை, வீரனும் இல்லை, இது மட்டும் இருக்கிறது. அந்த வருடம் அத்தான் பயணப்பெட்டியைத் திறந்தபோது அக்காவுக்குச் சேலை இல்லை. ஒரு பதக்கமும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தன.

“பொஞ்சாதிக்கு சேல வாங்காம பொத்தான் வாங்கிட்டு வந்த ஆம்பிளைய எங்கயாவது கண்டிருக்கியாட்டி?” என்று அக்கா என்னைக் கேட்டாள். அதன்பின் எத்தனையோ சேலை வந்தும் அந்தக் கேள்வியை அவள் கைவிடவில்லை.

சீனத்தில் ராஜாக்கள் இருந்த காலத்துப் பதக்கங்களைத் தவிர வேறெதையும் அத்தான் தொடமாட்டார். அதற்குப் பிந்தியது சும்மா கிடைத்தாலும் வேண்டாம் என்பார். எங்கெங்கோ உள்ளவர்களுக்குக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதங்களின் இலக்கணப் பிழையைத் திருத்துவது என் வேலை. பிறநாட்டாருக்கென்று அந்த அரசர்கள் கொடுத்துவந்த இரட்டை டிராகன் விருதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நடுவில் பதித்திருக்கும் கல்லை வைத்துத் தரம் பிரிப்பார்களாம். முதல் தரத்துக்கு முத்து, அடுத்ததற்குப் பவளம், நாலாம் தரத்துக்குக் கருநீலக் கல். போலிகள் ஏராளம். கதிர்களைக் கையால் வெட்டியிருக்கிறார்களா, அச்சில் வார்த்திருக்கிறார்களா என்று பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருப்பார். ஆயுள் முழுவதும் அலைந்து அவர் சேர்த்தது மொத்தம் பதினொன்று. அதில் நான்கு போலி. போலிகளை எறியவும் மாட்டார். பால்மாவு டப்பா ஒன்றில் தனியாகப் போட்டு வைத்திருந்தார். “நான் ஏமாந்ததுக்கு சாட்சி வேண்டாமா?” என்பார்.

கடற்கரையில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி நாலு வருடத்தில் உதிர்ந்துவிடும். அத்தான் நாகர்கோவில் செருப்புக் கடைகளில் ஏறி இறங்கி, புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் இழுக்கப் போட்டிருக்கும் சின்னச் சின்னப் பொட்டலங்களைக் கேட்டு வாங்கிவந்து அலமாரியில் அடுக்குவார். ஒருமுறை திருவிழாவுக்கு முந்தின நாள் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சொரூபத்தைத் துலக்கிய கையோடு அக்கா ஒரு பதக்கத்தையும் பல்பொடி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். உதவி செய்ததாகத்தான் நினைத்தாள். இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. பிறகு என்னிடம் வந்து, “கறுப்புதான் மக்கா அதுக்க வயசு. வயச உரசி எடுத்துப்போட்டா” என்று அழாத குறையாகச் சொன்னார். நான் சிரித்தேன். அவர் பேசும்போதெல்லாம் நான் ஒன்று சிரிப்பேன், இல்லையென்றால் விடைத்தாள் திருத்திக்கொண்டே ‘உம்’ கொட்டுவேன்.

அக்காவுக்கு அந்தப் பதக்கங்கள் மேல் இருந்தது சேலைக் கோபம் மட்டுமில்லை. எங்கள் கோயிலில் பீடத்துக்கு இடப்பக்கம் வானதூதரான மிக்கேல் சம்மனசின் சொரூபம் நிற்கிறது. சிற்ப வேலைக்குப் பேர்போன மயிலாடியில் செய்துவந்த கல் சொரூபம். சம்மனசின் முகத்தைவிட அவர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் சாத்தானுக்குத்தான் சிற்பி அதிகம் மெனக்கெட்டிருக்கிறார். உடம்பெல்லாம் செதில், நான்கு கால், நீண்ட மீசை, பிதுங்கிய கண். சிறுவயதில் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கப் போகும்போது நாங்கள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே நடப்போம். அத்தான் கொண்டுவந்த பதக்கங்களில் இருந்த டிராகனுக்கும் அதே செதில், அதே கால், அதே மீசை. முதல் பதக்கத்தைப் பார்த்ததுமே அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“இது சாத்தான் இல்லட்டி. அவியளுக்கு மழை கொண்டாறதே இதுதான். ராசாவுக்க அடையாளமும் இதுதான்” என்று அத்தான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்.

“அவிய ஊர்ல கொண்டாரட்டும். நம்ம வீட்டு அலமாரில அதுக்கு என்ன சோலி?” என்பாள் அக்கா. வருடக்கணக்காக அது ஒரு விளையாட்டுச் சண்டையாகத்தான் இருந்தது.

பதினொன்றிலும் பெரியது இந்தப் பெட்டியில் இருந்தது. வெள்ளி நட்சத்திரம். நடுவில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே பார்த்தபடி ஒரு கருநீலக் கல்லைச் சுற்றி வளைந்திருக்கும். அத்தான் விலைகொடுத்து வாங்காதது அது ஒன்றுதான். அவர் கப்பலில் போசனாக இருந்தவர், அதாவது மேல்தளத் தொழிலாளிகளுக்குத் தலைவர், பினாங்கைச் சேர்ந்த ஒரு சீனக்காரர். அவருடைய தாத்தா சீனத்துச் சுங்க அலுவலகத்தில் வேலைபார்த்த ஒரு வெள்ளைக்காரருக்குச் சமையல்காரராக இருந்திருக்கிறார். வெள்ளைக்காரருக்கு அரசர் கொடுத்த விருதை, அவர் சாகிற சமயத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டார். அப்படி வழிவழியாகப் போசன் கைக்கு வந்தது. போசனுக்குச் சூதாட்டப் பழக்கம். மனைவி பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போய்விட்டாள். கையில் இருப்பதையெல்லாம் தோற்றுவிட்ட ஒரு பயணத்தின் முடிவில் போசன் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து அத்தானிடம் கொடுத்திருக்கிறார். “என்னிடம் இருந்தால் இதையும் விற்றுவிடுவேன். நீ விற்கமாட்டாய். என் மகள் என்றாவது கேட்டு வருவாள், அவளிடம் கொடுத்துவிடு” என்பது அவர் சொன்னது. அத்தான் இதை என்னிடம் சொன்னது ஒரு முழு ஆண்டுத் தேர்வு சமயத்தில். அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். ஒன்பதாம் வகுப்புத் தாள்கள் என் மடியில் இருந்தன. நான் ‘உம்’ கொட்டினேன். போசன் என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்த நினைவு. மற்றதெல்லாம் பிற்பாடு, கேட்டிருக்க வேண்டிய காலம் போன பிறகு, ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது.

அவர் கப்பலை விட்டு வீட்டோடு வந்து சில வருடம் கழித்து எலிக்காய்ச்சல் வந்தது. மழைக்காலம். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டார். நாலாம் நாள் கண் மஞ்சளாகி, நினைவு தப்பி, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார்கள். மாற்றுத்துணி எடுக்க நானும் அக்காவும் ஒரு காலையில் வீட்டுக்கு வந்தோம். செய்தி கேட்டு ஜெபக் கூட்டத்து அம்மா ஒருவரும் வந்து, எங்களோடு முழங்காலில் நின்று ஜெபித்தார். நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அக்கா பழைய மருந்துச்சீட்டைத் தேட அலமாரியைத் திறந்தபோது பதக்கங்கள் அவர் கண்ணில் பட்டன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மிக்கேல் சம்மனசு காலால மிதிச்சத நீங்க வீட்டுக்குள்ள கொலு வச்சிருக்கியளே” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். “எட்டி, எல்லாத்தையும் அள்ளிக் கொண்டுபோய் கடல்ல போடு. எனக்கு ஒண்ணும் வேண்டாம். எனக்கு அவுரு போதும்.”

நான் படித்தவள். ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் என்றாலும் டீச்சரிடம் கேள் என்பார்கள். சும்மா இரு என்று அக்காவை அதட்டியிருக்கலாம். அவள் அடங்கியும் இருப்பாள். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்தவளுக்குப் படிப்பு எங்கே நிற்கிறது? எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒருவேளை உண்மையாக இருந்தால் என்று ஒரு கணம் நினைத்தேன், மறைப்பதில் என்ன பயன். அந்தப் பயத்தின் நடுவிலும் என் சாமர்த்தியம் என்னை விடவில்லை. எல்லாவற்றையும் எறிந்தால் அத்தான் தாங்கமாட்டார், ஒன்றே ஒன்றை எறிந்து எல்லாம் போயிற்று என்று அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பெரியதாக, கோயில் சொரூபத்தில் இருப்பதைப்போல அச்சு அசலாக இருந்தது எதுவோ அதைத் தேர்ந்தெடுத்தேன். மற்றவற்றை என் துணிப் பெட்டியில் ஒளித்துவைத்தேன். இந்தப் பெட்டியை மட்டும் மூடி அலமாரியிலேயே விட்டேன். திறக்கும்வரை தெரியாதே என்ற கள்ளப்புத்தி.

கடலரிப்பைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டி வளைவாகக் கட்டியிருக்கிற சுவரைத் தூண்டில் வளைவு என்போம். அதன் முனைவரை நடந்துபோய் நின்று கைக்குட்டையை அவிழ்த்தேன். பத்து மணி வெயில். மழை விட்டிருந்தது. வெயில் பட்டதும் அந்தக் கல் அப்படியொரு நீலமாக எரிந்தது. இரண்டு டிராகன்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அந்த முகங்களில் கெட்டது ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றிய பிறகும் எறிந்தேன்.

மறுநாளைக்கு மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மருந்து பிடித்துக்கொண்டது என்றார் டாக்டர். அக்கா கோயிலுக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து அத்தான் எழுந்து நடமாடத் தொடங்கினார். மற்றவற்றை அதற்குள் நான் பழையபடி அலமாரியில் வைத்திருந்தேன். அக்கா பிறகு அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. அவர் இந்தப் பெட்டியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அக்கா அடுக்களையிலிருந்து வந்து நின்று, “கடல்ல போட்டாச்சு. அதுக்குப் பொறவுதான் ஒங்களுக்கு காய்ச்சலே விட்டுது” என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான்தான் அத்தான் என்றேன்.

“இத மட்டுமா?”

“இத மட்டும்தான். மத்ததெல்லாம் பத்திரமா இருக்கு” என்றேன். மிச்சம் இருப்பது அக்காவுக்கும் அப்போதுதான் தெரிந்தது; காய்ச்சல் விட்டாயிற்றே என்று அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள்.

“மத்ததெல்லாம் என்னுதுதான் மக்கா” என்றார். “இது ஒண்ணுதான் என்னுது இல்ல. ஒங்கிட்ட நான் சொன்னேம்லா?”

சொன்னார். அன்றைக்குத்தான் கதை ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வரத் தொடங்கியது. அவர் திட்டவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசி ஆறியிருப்பேன். எந்த இடம் என்று மட்டும் கேட்டார். காட்டினேன். உடம்பு தேறியதும் சிப்பி எடுக்க முங்குகிற ஆட்களிடம் சொல்லிவைத்தார். அவர்கள் பாறையிடுக்கிலெல்லாம் கைவிட்டுத் தேடினார்கள். மழைக்காலத்துக் கடல் ஒரு வாரத்தில் எவ்வளவு மணலைப் புரட்டும் என்பது அவர்களைவிட அத்தானுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு சிப்பி சீசனிலும் வாசலில் சிப்பி கொண்டுவருபவரிடம், “கீழ வேற எதும் கண்டியா?” என்று கேட்பார். இல்லை என்றால் சிரித்துக்கொண்டு சிப்பியை வாங்கிக்கொள்வார்.

பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. போசன் இறந்துவிட்டார். அவருடைய குறிப்பேட்டில் இந்த விலாசம் இருந்தது. நானும் என் தோழிகளும் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வருகிறோம், அப்பாவின் நண்பரைப் பார்க்கலாமா என்று மகள் எழுதியிருந்தாள். பதக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்தான் வாசித்துக் காட்டினேன். உள்ளதைச் சொல்லிவிடலாம் அத்தான் என்றேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். “அக்காவப் பத்தி அந்தப் பிள்ளை என்ன நெனைக்கும்? நம்ம கோயிலு, நம்ம பயம், அவளுக்க அன்னேரத்து நெலம, இதெல்லாம் வெளங்கவச்சு சொல்ல என் இங்கிலீஷ் போதாது. நீ விடு, நான் பேசிக்கிடுதேன்” என்றார்.

அவருடைய ஆங்கிலம் போதாதுதான். என்னுடையது போதும். முப்பது வருடம் அதை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

அவள் ஒரு காலையில் வந்தாள். நாற்பது வயதிருக்கும், குட்டை முடி, தலையில் தொப்பி. பினாங்கில் பழகிய தமிழில் “வணக்கம், சாப்பிட்டாச்சா?” என்று கேட்டு அக்காவைச் சிரிக்கவைத்தாள். அக்கா முந்திரிக்கொத்து பொரித்து வைத்திருந்தாள். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் திறந்தாள். அத்தான் தன் கப்பல் ஆங்கிலத்தில், ஒப்பித்து வைத்ததைப்போலச் சொன்னார். பாலிஷ் போட எடுத்தேன், கடற்கரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன், கை வழுக்கிவிட்டது, கடல் கொண்டுபோய்விட்டது, மன்னித்துக்கொள். வாழ்நாளில் ஒரு பதக்கத்தையும் துலக்காத மனிதர் சொன்ன பொய் அது. எப்போது நடந்தது என்று அவள் கேட்டாள். அதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. தடுமாறினார்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். “அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், நான் விற்றுவிடுவேன், அவன் விற்கமாட்டான் என்று” என மெதுவாகச் சொன்னாள். இவரும் விற்றுவிட்டார் என்று முடிவு செய்துவிட்டாள். குத்திக்காட்டவில்லை. தன் அப்பாவுக்காகத்தான் அவள் வருத்தப்பட்டாள், அதுதான் இன்னும் மோசம். அத்தான் தன்னிடமிருந்த மற்ற எல்லாவற்றையும் எடுத்துவந்து அவள் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்று இரண்டு கையாலும் திருப்பி நகர்த்தினாள். பெட்டியையும் மூடி அவர் பக்கமே வைத்தாள். நான் அங்கேதான் நின்றேன், ஆறடி தூரத்தில். வாயைத் திறந்தால் இரண்டு வாக்கியத்தில் முடிந்திருக்கும். நான் தேநீர் ஆறுகிறதே என்று சொன்னேன். முந்திரிக்கொத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாசலில் அவள் விலாசத்தை என் டைரியில் எழுதி வாங்கிக்கொண்டேன். கார் போன பிறகு அக்கா, “நல்ல பிள்ளை, என்னா?” என்றாள். அங்கே பேசியது அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. அத்தான் ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

அதற்குப் பிறகு அவர் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. பதக்கங்களை ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறைக்குக் கொடுத்தார். போலிகளையும் சேர்த்து, எது எது போலி என்று சீட்டு எழுதி வைத்துக் கொடுத்தார். என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. டீச்சரே என்று கேலி பண்ணுவதும் நிற்கவில்லை. ஆனால் எதையும் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்வது நின்றுபோனது. நான் ஓய்வு பெற்று மடியில் தாள் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்த வருடங்கள் அவை.

சென்ற வருடம் போய்விட்டார். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து அலமாரியை ஒதுக்கும்போது அக்கா இந்தப் பெட்டியை நீட்டி, “வெறும் பெட்டி. ஒனக்கு வேணும்னா வச்சுக்க” என்றாள். பத்து மாதம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் பெயர் கெடக் கூடாதென்று அத்தான் விரும்பினாரே என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாக்குதான். போன வாரம்தான் போசனின் மகளுக்குக் கடிதம் எழுதினேன். நாலு தடவை கிழித்துப்போட்டு எழுதியது. எழுதியதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் அன்றைக்கு அத்தானைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்பதையும் முதன்முறையாகச் சொன்னேன்.

அக்கா முழுவதையும் கேட்டாள். பிறகு, “நான் போடச் சொன்னேன்னு எழுதினியா?” என்றாள்.

“இல்ல. நான் போட்டேன்னு மட்டும் எழுதினேன்.”

“நான் சொன்னேன்னும் எழுது.” எழுந்து அடுக்களைக்குப் போகும்போது, “ஆனா அவுரு பொழச்சார்லா?” என்றாள்.

“பொழச்சார்” என்றேன்.

இதை எழுதத் தொடங்கி மூன்று நாளாகிறது. இன்று காலை, அக்கா சொன்னதையும் சேர்த்து எழுதிய கடிதத்தை இந்தப் பெட்டிக்குள் வைத்துத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். வெளிநாட்டுக்குப் போகிற பொருள் என்பதால் உள்ளே என்ன என்று பார்த்து எழுத வேண்டுமாம். கவுண்டரில் இருந்த பெண் கொக்கியை விலக்கித் திறந்தாள். கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அடியில் வெல்வெட் பள்ளம்.

“உள்ள ஒண்ணும் இல்லியே டீச்சர்?”

“ஒரு பதக்கம் இருந்தது” என்றேன். “நான்தான் எடுத்துக் கடல்ல போட்டேன். எங்க அத்தான் அதத் தொலைக்கவும் இல்ல, விக்கவும் இல்ல.”

அவள் தலையாட்டினாள். கடிதத்தை மடித்து அந்தப் பள்ளத்தின் மேல் வைத்து மூடி, ‘காலிப் பெட்டி’ என்று எழுதிக்கொண்டாள். நான் அதைச் சொல்லி முடிக்க, அவள் கையில் இருந்த பசைக்குச்சி காயும் நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு போசனின் மகளிடம் அத்தான் பக்கத்தில் நின்று நான் சொல்லியிருந்தாலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.